கோடையில் நான் காணும் ஆடலும் நாடகமும்

தொலைக்காட்சிப் பித்தன் என்று என் வீட்டார் எனக்கு இட்ட பெயர், நாளடைவில் ஊர்ப் பெயராகவே ஆகிவிட்டது. அதனால் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கோடை விடுமுறை பிறந்துவிட்டால், எந்த நாளில் எந்த ஆடற்போட்டி, எந்த இரவில் எந்த நாடகம் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு பார்க்கிறவன் நான். வானொலி நிலையத்துக்கு வந்து தொலைக்காட்சியின் பெருமையைப் பேசுவது, மாமியார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தாய் வீட்டுப் பெருமையை அளப்பது போல ஆகாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நிலையத்தாரே விரும்பி இத்தலைப்பைத் தந்திருக்கும்போது எனக்கென்ன கூச்சம்?

அந்தக் குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் உண்டு. இடப்பக்கத்துப் பத்தியில் வீட்டுக்குள் அமர்ந்து காண்பவற்றை எழுதுவேன். வலப்பக்கத்துப் பத்தியில் வெளியே சென்று, மண்ணில் அமர்ந்து, கண் விழித்துக் காண்பவற்றை எழுதுவேன். இவ்விரண்டும் பகையானவை என்று பலர் எண்ணுகிறார்கள். நான் அவ்வாறு எண்ணவில்லை. ஒன்றைப் பார்த்துப் பழகிய கண் மற்றொன்றை இன்னும் நன்றாகப் பார்க்கிறது என்பதே என் அனுபவம்.

தேனியிலிருந்து புறப்பட்டு, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று செல்லும் சாலையில் பயணம் செய்தவர்களுக்கு எங்கள் பள்ளத்தாக்கின் அமைப்பு தெரிந்திருக்கும். மேற்கே கேரள எல்லையாக நிற்கும் மலைத்தொடர், கிழக்கே மேகமலை, நடுவே முல்லையாறு. 1895-இல் பெரியாற்றின் குறுக்கே அணை எழுந்த பிறகு, மேற்கு நோக்கி ஓடிய நீர் மலையைக் குடைந்த குகைவழியே கிழக்கே திரும்பி வந்தது. அந்த நீரைக் கொண்டு இங்கே இருபோக நெல் விளைகிறது. முதற்போகத்துக்கு ஜூன் முதல் நாள் தண்ணீர் திறப்பது நெடுநாள் வழக்கம். மழை பொய்த்த ஆண்டுகளில் அது தள்ளிப்போவதும் உண்டு. இரண்டாம் போகத்தின் அறுவடை முடிந்து, அடுத்த நீர் வாய்க்காலில் இறங்கும் வரையில் உள்ள இடைக்காலம் எதுவோ, அதுவே எங்கள் திருவிழாக் காலம். கையில் சிறிது பணமும் இருக்கும், உழவனுக்குச் சிறிது ஓய்வும் இருக்கும். திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு மட்டும் அந்த ஓய்வு கிடையாது. அவர்கள் பாவம், பகலெல்லாம் பந்தலுக்குக் கீழே நின்றுவிட்டு இரவில் நாடகப் பந்தலுக்கு வந்து உறங்குவார்கள். ஆக, பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்று திங்களும் ஆடலுக்கும் நாடகத்துக்கும் உரியவையாக அமைந்ததற்குக் காரணம் பக்தி மட்டும் அன்று, பாசனமும் ஆகும்.

இடப்பக்கத்துப் பத்தியை முதலில் பார்ப்போம். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கியது. ஆனால் அது நெடுங்காலம் எங்களுக்குச் செய்தித்தாளில் படிக்கும் செய்தியாகவே இருந்தது. வானொலியின் நடுத்தர அலை நிலத்தோடு தவழ்ந்து மேடுபள்ளங்களைக் கடந்து வரவல்லது. தொலைக்காட்சி அலையோ பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. மலை மறித்தால் நின்றுவிடும். மூன்று புறமும் மலை சூழ்ந்த ஊர்களில் எங்கிருந்து படம் வரும்? எந்த மலை மறிக்கிறதோ அந்த மலையின் மேலேயே ஏறி நின்றால்தான் வழி பிறக்கும். அப்படியே நடந்தது. 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையில் உயர்ந்த ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது. அதன் பின்னரே தென்மாவட்டங்களின் பெரும்பகுதியில் திரையில் முகங்கள் தெரியலாயின.

அக்காலத்தில் ஊராட்சிக்கு ஒரு பெட்டி இருந்தால் அது பெரிது. மாலையில் அந்த அறையின் கதவு திறக்கப்படும்போது, கோவில் நடை திறக்கும்போது கூடுவது போலக் கூட்டம் கூடும். கூரையின் மேல் ஒருவன் ஏறி அலைவாங்கியைத் திருப்புவான். கீழிருந்து ஒருவன், ‘வந்துவிட்டது, வந்துவிட்டது, ஐயோ போய்விட்டது’ என்று கூவுவான். செவ்வாய்க்கிழமை நாடகம், வெள்ளிக்கிழமை திரைப்படப் பாடல்கள், ஞாயிற்றுக்கிழமை திரைப்படம் என்று கிழமைகளுக்கே புதிய பெயர்கள் ஏற்பட்டன. அந்தச் செவ்வாய்க்கிழமை நாடகங்களில் காட்சி மாற்றம் மிகுதியாக இராது. ஒரு கூடம், ஒரு நாற்காலி, ஒரு கதவு, நான்கு நடிகர்கள் இவ்வளவுதான். ஆனால் சொல் தெளிவாக இருக்கும். ‘ழ’கரமும் ‘ள’கரமும் தத்தம் இடத்தில் ஒலிக்கும். நாடகம் என்பது முதலில் காதால் கேட்கத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்பதை அவற்றிலிருந்தே நான் கற்றேன்.

1988 அக்டோபர் 2-இல் தில்லித் தொலைக்காட்சி மகாபாரதத் தொடரைத் தொடங்கி 1990 வரை ஒளிபரப்பியது. இந்தி மொழியில் அமைந்த அத்தொடரை, ஓர் இந்திச் சொல்லும் அறியாத எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். எவ்வாறு புரிந்தது? அவர்களுக்கு முன்பே கதை தெரியும். அபிமன்யு எந்த வியூகத்தில் சிக்குவான், அல்லி அருச்சுனனை எப்படி வாட்டுவாள் என்பதையெல்லாம் விடியவிடிய நாடகமேடையில் பார்த்தவர்கள் அவர்கள். அல்லி ஏன் இன்னும் வரவில்லை என்று ஒரு மூதாட்டி ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுக்கொண்டே இருந்தார். அல்லி தமிழ்நாட்டுப் பாரதக் கதைக்கே உரியவள். வடநாட்டுத் தொடரில் அவள் வரமாட்டாள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. மாணவர்களே, வலப்பக்கத்துப் பத்தி இடப்பக்கத்துப் பத்திக்கு உதவிய முதற் சான்று இது.

பின்னர்த் தனியார் நிறுவனங்கள் வந்தன. கம்பிவழி இணைப்புகள் வந்தன. 2006-இல் தமிழக அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கத் தொடங்கிற்று. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் அத்திட்டத்தின்கீழ்க் கொடுக்கப்பட்டன. பதினான்கு அங்குலப் பெட்டி குடிசைதோறும் புகுந்தது. ஊராட்சி அறை பூட்டப்பட்டது. ஐம்பது பேர் கூடிப் பார்த்ததை இனி ஐந்து பேர் பார்க்கலாயினர். வசதி என்ற வகையில் இது பெரிய முன்னேற்றமே. ஆனால் ஐம்பது பேரோடு அமர்ந்து பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவர் சொல்லும் விமரிசனம் என்ற ஒன்று இருந்தது அல்லவா? அது போயிற்று.

நெடுந்தொடர்களைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், பத்தில் எட்டை நான் பார்ப்பதில்லை. ஒரு கதவு தட்டப்படுகிறது. திறக்கப் போகும் பெண்ணின் முகத்தை மூன்று முறை காட்டுகிறார்கள். திறப்பதற்குள் ‘தொடரும்’ என்று வந்துவிடுகிறது. எஞ்சிய இரண்டில் ஒன்றாக, 2002 முதல் 2005 வரை சன் தொலைக்காட்சியில் வந்த ‘மெட்டி ஒலி’யைச் சொல்வேன். ஐந்து பெண்களைப் பெற்ற தந்தை ஒருவர்; அவர்களுக்கு மணம் முடித்துக் கொடுத்த பின்னும் ஓய்வில்லாத அவருடைய கவலை. டில்லி குமார் அத்தந்தையாக நடித்தபோது உரத்துப் பேசியது மிகக் குறைவு. துண்டை எடுத்துத் தோளில் போடும் விதத்திலேயே அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார். மற்றொன்று, அல்லிநகரத்தில் பிறந்து திரையுலகில் புகழ்பெற்ற பாரதிராஜா 2008-இல் கலைஞர் தொலைக்காட்சிக்காக இயக்கிய ‘தெக்கத்திப் பொண்ணு’. எங்கள் பக்கத்துப் பேச்சின் ஏற்ற இறக்கம் திரையில் கேட்டபோது, சமையற்கட்டில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். தம்முடைய பேச்சும் நாடகத்துக்கு உரியதுதான் என்று ஒரு வட்டாரத்து மக்கள் அறிந்துகொள்வது சிறிய செய்தி அன்று.

இனி, ஆடற்போட்டிகளுக்கு வருகிறேன். 2006-இல் விஜய் தொலைக்காட்சியின் ‘ஜோடி நம்பர் ஒன்’, 2007-இல் கலைஞர் தொலைக்காட்சியில் நடன ஆசிரியை கலா நடத்திய ‘மானாட மயிலாட’ ஆகியவற்றிலிருந்து இத்தகைய போட்டிகள் பெருகின. இவை மேனாட்டு வழக்கம் என்று எள்ளுவோர் உளர். அவர்கள் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை ஒருமுறை படித்தல் நன்று.

அங்கே மாதவி ஐந்தாம் வயதில் பயிற்சி தொடங்குகிறாள். ஏழாண்டுகள் கற்கிறாள். பன்னிரண்டாம் வயதில் மன்னன் முன்னிலையில் ஆடுகிறாள். அதற்கு முன் அவளுக்கு ஆடல் கற்பிக்கும் ஆசான், இசையாசிரியன், பாட்டெழுதும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழோன் ஆகிய ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டிய தகுதி என்ன என்று இளங்கோவடிகள் விரிவாகக் கூறுகிறார். அரங்கின் அளவையும் சொல்கிறார். இருபத்துநான்கு பெருவிரல் அளவு கொண்டது ஒரு கோல். அத்தகைய கோலால் அகலம் ஏழு, நீளம் எட்டு, தரையிலிருந்து அரங்கின் உயரம் ஒன்று. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கை நிறுத்த வேண்டும் என்ற குறிப்பும் இருக்கிறது. இன்று ஒளிப்பதிவாளர் தலையில் கைவைத்துக்கொண்டு கவலைப்படுவதும் இதே நிழலைப் பற்றித்தான். ஆடி முடித்த மாதவிக்குத் தலைக்கோலி என்ற பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் கிடைத்தன. பட்டம், பரிசு, நடுவர், விளக்கு எல்லாம் பழையவையே. புதியது எது என்றால், ஏழாண்டுப் பயிற்சி ஏழு நாள் பயிற்சியாகச் சுருங்கியதுதான்.

போட்டிகளை நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் ஆடுபவரின் காலைப் பார்ப்பேன். ஆனால் காலைப் பார்க்க விடமாட்டார்கள். கால் தரையில் படுவதற்குள் நடுவரின் முகம். நடுவர் இமைப்பதற்குள் ஆடுபவரின் தாயார் முகம். உடனே ஆறு கோணங்களில் ஒரே துள்ளல். முழு உருவமும் திரையில் பத்து நொடி நிலைத்து நின்றால் அன்று அந்தக் கருவிக்காரர் நல்ல இரசிகர் என்று குறித்துக்கொள்வேன். பிறகு, பாட்டு நிற்கும் இடத்தில் ஆடுபவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பேன். தாளம் ஓடும்போது ஆடுவது எளிது; தாளம் நிற்கும்போது அழகாக நிற்பது அரிது. நடுவர்கள் கண்ணீர் வடிக்கும் பகுதியில் எழுந்து சென்று தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். அதற்கெனத் தனியே ஒரு வயலின் இசை வைத்திருக்கிறார்கள். அது கேட்டவுடன் எழுந்துவிடலாம்.

சிறுவர் சிறுமியர் போட்டிகள் கோடையில் மிகுதி. இங்கே நான் விளையாட்டாகப் பேச மாட்டேன். பத்து வயதுக் குழந்தை ஒன்று, தன் வயதுக்குப் பொருந்தாத பாட்டுக்கு, பொருளறியாத முகபாவத்தோடு ஆடும்போது பார்ப்பவர் கைதட்டலாம். அந்தக் குழந்தைக்கு அது என்ன செய்யும்? 2019 ஜூனில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், இத்தகைய நிகழ்ச்சிகளில் குழந்தைகளைப் பெரியவர்களுக்குரிய ஆபாச அசைவுகளோடு காட்டலாகாது என்று தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு அறிவுரை விடுத்தது. சட்டமும் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு, 2017-இல் வந்த விதிகளின்படி, கலைநிகழ்ச்சியில் பங்குபெறும் குழந்தையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. இருபத்தேழு நாட்களுக்கு மேல் தொடர்ந்து அழைக்கக் கூடாது. மாவட்ட ஆட்சித் தலைவரிடம் முன் அனுமதி பெற வேண்டும். வருவாயில் 20 விழுக்காட்டையேனும் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக அதனை மேடையேற்றக் கூடாது. இதை நேயர்களாகிய நீங்கள் தெரிந்திருப்பது நல்லது. உங்களிலேயே யாரேனும் நாளை ஒரு தேர்வுக்குச் செல்லலாம்; அல்லது உங்கள் தங்கை செல்லலாம்.

குழந்தைகளை மேடையேற்றுவது நமக்குப் புதிதன்று. நாடகத் தமிழின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்தபோது ஷண்முகத்துக்கு ஆறு வயதுதான். அவர் பிற்காலத்தில் ‘எனது நாடக வாழ்க்கை’ என்ற நூலை எழுதினார். பாடம், பாட்டு, தண்டனை, பட்டினி, பயணம் எல்லாம் அதில் இருக்கின்றன. சிறுவன் ஷண்முகத்துக்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஓர் இரவில் எழுதி முடித்தார் என்ற செய்தியும் அதில் உண்டு. அந்த வாழ்க்கையில் கடுமை இருந்தது. ஆனால் வாரந்தோறும் ஒருவனை விலக்கி வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இல்லை. இன்று தோற்றவன் விளையாடும் பருவத்தில் ஊரறியத் தோற்கிறான். இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய சபை நல்லதாகத் தோன்றும். உடனே அந்தத் தண்டனைகளும் நினைவுக்கு வரும்.

குறிப்பேட்டின் வலப்பக்கத்தில் முதல் வரி எப்பொழுதும் சித்திரை முழுமதிதான். கூடலூருக்கு மேலே, இரு மாநில எல்லையில், மங்கலதேவி மலைமீது கண்ணகி கோட்டம் சிதைந்த கற்கோவிலாக நிற்கிறது. ஆண்டுக்கு ஒருநாள், சித்திரை முழுமதியன்று பகலில் மட்டும் அங்கே செல்ல அனுமதி உண்டு. தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களின் அலுவலர்களும் கூடி ஏற்பாடு செய்கிறார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். பளியன்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் மலையேறி நடந்தும் போகலாம். பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1960களில் இதுவே சிலப்பதிகாரம் கூறும் இடம் என்று எடுத்துரைத்தார். மாறுபட்ட கருத்துடைய அறிஞரும் உளர். அந்த ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். வேங்கை மரத்தின்கீழ் நின்ற கண்ணகி வானூர்தியில் ஏறிச் சென்றதைக் கண்ட குன்றவர், அவளைத் தெய்வமாகக் கொண்டு குரவை ஆடினார்கள் என்று காப்பியம் சொல்கிறது. மாதவியின் ஆட்டம் அளந்து கட்டிய அரங்கில் நிகழ்ந்தது. குன்றவரின் ஆட்டம் அளவில்லாத மலைச்சரிவில் நிகழ்ந்தது. ஒரே காப்பியத்தில் இரண்டும் இடம்பெற்றன.

அடுத்த வரி வீரபாண்டி. முல்லையாற்றங்கரையில் உள்ள கௌமாரியம்மன் கோவிலின் சித்திரைத் திருவிழா எட்டு நாள் நடக்கும். தீச்சட்டி ஏந்துவோரும், இராட்டினத்தில் சுற்றுவோரும், வளையற்கடையில் பேரம் பேசுவோரும் ஒரே தெருவில் நெருக்கியடித்துச் செல்வார்கள். சுற்றியுள்ள சிற்றூர்களின் விழாக்களில் கரகாட்டமும் ஒயிலாட்டமும் பார்க்கலாம்.

கரகத்தைப் பற்றி ஒரு சொல். தலையில் அலங்கரித்த செம்பு, உச்சியில் கிளிப்பொம்மை. இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு ஆகியவை கூடிய நையாண்டி மேளம். செம்பைக் கையால் தொடாமல், உடம்பை வில்லாகப் பின்னால் வளைத்து, தரையில் கிடக்கும் ஊசியைக் கண்ணிமையால் எடுக்கும் ஆட்டக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே ஆறு கோணம் கிடையாது. ஒரே கோணம், அதுவும் உங்கள் முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலாக! ஆனால் தலைமுதல் கால்வரை ஆட்டம் முழுவதும் தெரியும். ஒரே விழாவுக்கு இரண்டு குழுக்களை அழைத்துவிட்டால் போட்டி தானாக மூளும். தவில்காரர் இருவரும் முதலில் முறைத்துக்கொள்வார்கள். அதன்பின் ஆட்டக்காரர்கள் ஏட்டிக்குப் போட்டியாக ஆடுவார்கள். நடுவர் யார்? கூட்டம்தான். எந்தப் பக்கம் வட்டம் பெருக்கிறதோ அந்தப் பக்கம் வெற்றி. எவரும் அழுவதில்லை.

ஒயிலாட்டத்தில் கையில் கைக்குட்டையும் காலில் சலங்கையும் கொண்ட ஆடவர் வரிசையாக நின்று ஆடுவர். வாத்தியார் பாட, அவர்கள் பின்பாட்டுப் பாடுவர். ஊர் இளைஞர்களுக்கு வாத்தியார் பல நாள் இரவில் பயிற்சி தருவார். கம்பளத்தாரின் தேவராட்டமோ பாட்டே இல்லாதது. உருமியின் ஒலி மாறினால் அடி மாறும். வாயைத் திறவாமல் இருபது பேர் ஒரே சமயத்தில் திரும்பும் காட்சியைத் தொலைக்காட்சியில் எத்தனையோ முறை காட்டியிருக்கிறார்கள். அந்த இருபது பேரின் கால்கள் எழுப்பும் புழுதியின் மணத்தை அது தர இயலாது.

இனி நாடகம். இதற்கு வரத்தான் நான் இவ்வளவு நேரம் விரைந்தேன். எங்கள் பக்கத்தில் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று ஒன்று உண்டு. பெயர் ஆங்கிலம், உள்ளடக்கம் சங்கரதாஸ் சுவாமிகள். வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா, சத்தியவான் சாவித்திரி என்று அவர் எழுதியவையே பெரும்பாலும் நடக்கும். இதற்கு நிலையான குழு கிடையாது. இராஜபார்ட் ஓர் ஊர்க்காரர், ஸ்திரீபார்ட் மற்றோர் ஊர்க்காரர், பபூன் வேறோர் ஊர்க்காரர். ஆர்மோனியக்காரர் ஒருபுறம், மிருதங்கக்காரர் மறுபுறம். விழா நடத்துவோர் ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி முடிப்பார்கள். ஒத்திகை என்பது இல்லை. வள்ளியும் முருகனும் அன்றிரவு மேடையிலேயே முதல்முறையாகச் சந்திப்பதும் உண்டு. கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். நடுவில் பேசுவது மட்டும் அவரவர் திறமை. கதாபாத்திரத்துக்கு உரிய பாட்டு ஒன்றை எதிராளி எடுத்துவிட்டால், அதே சுருதியில் மறுமொழி பாடியாக வேண்டும். இதனைவிடக் கடுமையான போட்டி எந்தத் தொலைக்காட்சியில் நடக்கிறது?

இரவு பத்து மணியளவில் பபூன் வருவான். அவன் சிரிக்க வைப்பான். சில இடங்களில் முகம் சுளிக்கவும் வைப்பான். பின்னர் நடனக்காரி வருவாள், இருவரும் வாதாடுவார்கள். நள்ளிரவில்தான் கதை தொடங்கும். அப்போது குழந்தைகள் சாக்குவிரிப்பில் உறங்கிவிடும். நாரதர் வந்து தினைப்புனத்தில் வள்ளியோடு தர்க்கம் செய்வார். அந்தத் தர்க்கத்துக்காகவே நான் செல்கிறேன். கடவுள் ஒருவரா பலரா, இல்லறம் பெரிதா துறவறம் பெரிதா என்று கேள்விகள் பறக்கும். படிப்பறியாத பெரியவர்கள், ‘விடாதே, பதில் சொல்’ என்று கீழிருந்து வள்ளிக்கு ஊக்கம் தருவார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் நாரதர் ஆர்மோனியத்தின் பக்கம் ஒதுங்கி ஒரு பாட்டைத் தேடுவார். பிறகு வேடன் வந்து மானைக் காணவில்லை என்பான். வேடன் கிழவனாவான், யானை வரும், விடியும்போது திருமணம். நெடுந்தொடருக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, இது முடிந்துவிடுகிறது என்பதே. சூரியன் உதித்தால் முருகன் தாலி கட்டியாக வேண்டும்.

இந்த நாடகத்துக்கு ஒரு வீர வரலாறும் உண்டு. சிவகாசியிற் பிறந்த விசுவநாததாஸ் விடுதலைப் போர்க்காலத்தில் இந்த மேடையையே போர்க்களமாக்கினார். தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் இடத்தில், வெள்ளைக் கொக்கைச் சாக்கிட்டு வெள்ளையரைச் சாடும் பாட்டைப் பாடினார். அதற்காகப் பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில், வள்ளி திருமணத்தில் முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

மேடையில் ஆர்மோனியம் வாசிப்பது சிறிய தொழில் என்று எண்ணிவிட வேண்டாம். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் பொதுவுடைமை மேடைகளில் பாடிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றபோது, தம்பிமார்களும் உடன் சென்றார்கள். அவர்களில் ஆர்மோனியம் வாசித்த ஒருவரையே உலகம் இன்று இளையராஜா என்று அறிகிறது. மண்ணில் அமர்ந்து கேட்கும் கூட்டத்தின் முன் பல்லாண்டு வாசித்த விரல்கள் அவை.

ஆனால் இந்நாடகத்துக்கு இன்று இரண்டு இடையூறுகள் உண்டு. ஒன்று, ‘ஆடல் பாடல்’ என்ற நிகழ்ச்சி. பதிவு செய்த திரைப்பாட்டை ஒலிக்கவிட்டுத் தொலைக்காட்சிப் போட்டியைப் போலவே மேடையில் ஆடுவது அது. அதற்கு அனுமதி வேண்டி மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்கு ஆண்டுதோறும் மனுக்கள் செல்கின்றன. மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுவதால் இளைஞர்கள் அதையே விரும்புகிறார்கள். இடப்பக்கத்துப் பத்தி வலப்பக்கத்துப் பத்தியைத் தின்னும் இடம் இது என்பதை மறைக்க மாட்டேன். மற்றொன்று, ஒலிபெருக்கி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை திறந்தவெளி ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. விழாக்களுக்காக ஆண்டில் பதினைந்து நாட்கள் வரை நள்ளிரவு மட்டும் நீட்டிக்க மாநில அரசுக்கு உரிமை உண்டு. நோயாளிகளையும் தேர்வு எழுதுவோரையும் எண்ணினால் விதி நியாயமானதே. ஆயினும், நாடகம் தொடங்கும் நேரமும் ஒலிபெருக்கி அடங்கும் நேரமும் ஒன்றாகிவிட்டன. எனவே சில ஊர்களில் மாலையிலேயே தொடங்குகிறார்கள், தர்க்கத்தைக் குறைக்கிறார்கள். தர்க்கம் குறைந்த வள்ளி திருமணம் உப்புக் குறைந்த சோறு.

2020-ஆம் ஆண்டுக் கோடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெருந்தொற்றால் நாடு முழுவதும் கதவடைத்திருந்தது. தூர்தர்ஷன் மார்ச் 28 முதல் பழைய இராமாயணத் தொடரை மீண்டும் ஒளிபரப்பியது. தனியார் நிறுவனங்களும் பழைய தொடர்களைத் தூசு தட்டி எடுத்தன. என் குறிப்பேட்டின் இடப்பக்கம் நிரம்பி வழிந்தது. வலப்பக்கம் ஒரு வரியும் இல்லாமல் வெள்ளையாக இருந்தது. திருவிழாக்கள் இல்லை, ஆதலால் கரகம் இல்லை, நாடகம் இல்லை. ஓராண்டுப் பிழைப்பை மூன்று நான்கு திங்களில் தேடிக்கொள்ளும் கலைஞர்களுக்கு அந்த வெற்றுப்பக்கம் வெறும் பக்கம் அன்று, அடுப்பு. 2007-இல் அமைக்கப்பட்ட நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு அரசு உதவித்தொகை வழங்கிற்று. பதிவு செய்யாதவர்களும் பலர் இருந்தார்கள். தவிலை உறையிலிட்டு மாட்டிவிட்டுக் கட்டட வேலைக்கும் காய்கறி விற்பனைக்கும் சென்றவர்களை நான் அறிவேன். மறு ஆண்டிலும் தொற்று திரும்பி வந்தது. அதன் பின்னர் விழாக்கள் மீண்டன. போனவர் எல்லோரும் மீளவில்லை.

பங்குனி பிறந்ததும் தேனி, கம்பம் பேருந்து நிலையச் சுவர்களைப் பாருங்கள். நாடகச் சுவரொட்டிகள் இருக்கும். நடிகரின் படம், படத்தின் கீழே பெயர், பெயருக்கு முன்னால் அவருடைய ஊர், அவர் ஏற்கும் வேடம், ஆர்மோனியம் யார், மிருதங்கம் யார் என்ற எல்லாமும் அச்சிட்டிருப்பார்கள். நாரதர் யார் என்பதை முதலில் படியுங்கள். அவர் நல்லவராக அமைந்தால் அன்றிரவு தர்க்கம் நன்றாக இருக்கும். ஒரு சாக்கும், பனிக்கு ஒரு போர்வையும், நள்ளிரவுப் பசிக்குக் கொஞ்சம் வேர்க்கடலையும் எடுத்துச் செல்லுங்கள். மேடைக்கு மிக அருகே அமர வேண்டாம். அங்கே ஒலிபெருக்கி இருக்கும். ஆர்மோனியக்காரர் பக்கமாக, இருபதடி தள்ளி அமர்ந்தால், நாரதர் பாட்டைத் தேடும்போது அவருடைய முகம் நன்றாகத் தெரியும்.